படுக்கும் முன் மூன்று வரி

இரவு படுக்கப் போகும் முன், அன்று நடந்த மூன்று நல்ல விஷயங்களை ஒரு நோட்டில் எழுதுங்கள். பெரிதாக எதுவும் வேண்டாம். கூட்டமான பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது, பூக்காரம்மா முழம் அளந்த பிறகும் நாலு விரற்கடை தாராளமாக விட்டு நறுக்கியது, இவையே போதும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், அது ஏன் நடந்தது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அதுதான் முக்கியம், காரணம் தேடும்போதுதான் அதற்குப் பின்னால் இருக்கும் மனிதர் கண்ணில் படுகிறார். உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் குழுவினர் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வாரம் இப்படி எழுதியவர்களிடம் ஆறு மாதங்களுக்குப் பிறகும் மகிழ்ச்சி கூடியிருந்தது. எதுவுமே தோன்றாத நாளில் சாப்பாட்டை நினைத்துப் பாருங்கள்: ரசத்தில் கொத்தமல்லி மணத்ததையும் தாராளமாக எழுதலாம்.