டாச்சிங் அடிக்கலாம் வாங்க

மீன் கடையிலும் ரப்பர் எஸ்டேட் பால் ஸ்டோரிலும் ஒரு காலத்தில் தொங்கிய டாச்சிங்கைப் பார்த்தவர்களுக்கு அதிகம் விளக்க வேண்டாம். சரக்கை நிறுக்கும் தராசு அது. ஒரு நீளக் கோல், அதன் ஒரு பக்கம் கொக்கி, கோலைத் தூக்கிப் பிடிக்க ஒரு தூக்கு, மறுபக்கம் முன்னும் பின்னும் நகரும் ஒரே ஒரு குண்டு, அவ்வளவுதான். தமிழில் வெள்ளிக்கோல் என்று இதற்குப் பழைய பேர் உண்டு. சீனக் கடைகளில் பெரும்பாலும் மரக்கோல்தான் இருந்தது. நான் இங்கே சொல்லப்போவது முழுக்க முழுக்க இரும்பில், உலையில் காய்ச்சி அடித்துச் செய்வது.

என் தாத்தா மலேசியாவின் கெடாவில் பால் மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். ஒட்டுப்பால் (காய்ந்து ஒட்டிய ரப்பர்) மூட்டையைக் கொக்கியில் மாட்டும்போது எஸ்டேட் கிராணி, அதாவது கணக்கர், குண்டைக் கொண்டுபோய் எந்தக் கீறலில் நிறுத்துகிறார் என்று கண் கொட்டாமல் பார்ப்பாராம். பாதி நாள் உழைப்பு அந்தக் கீறலில் இருந்தது. அதனால் எனக்கு இந்தப் பொருள்மேல் ஒரு தனி அக்கறை. பினாங்குத் தீவில் ஜெலுத்தோங்கில் தெரிந்தவருடைய பட்டறையில் ஞாயிறு காலைகளில் உலை மூட்ட இடம் கிடைத்ததும் கத்தி, அரிவாள் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இதைத்தான் முதலில் கையிலெடுத்தேன்.

ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கோலில் இருக்கும் கீறல்களை ஸ்கேல் வைத்து அளந்து போட முடியாது, எடை போட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கையால் அடிக்கும் ஒவ்வொரு கோலும் கொஞ்சம் கொஞ்சம் வேறாகத்தான் வரும். ஆகவே நீளம் ஐந்து மில்லிமீட்டர் கூடியோ குறைந்தோ வந்தால் கவலையே வேண்டாம். ஆனால் இரண்டு துளைகளின் இடமும் அவற்றில் மாட்டும் ஆணிகளின் விளிம்பும் சரியாக வர வேண்டும், அதில் விட்டுக்கொடுத்தால் தராசு தராசாக இருக்காது.

இரும்புக்கு 16 மில்லிமீட்டர் சதுரக் கம்பி, சாதாரண மைல்ட் ஸ்டீல், 270 மில்லிமீட்டர் நீளம் போதும். எடை அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே வரும். கொக்கிக்கும் தூக்குக்கும் 8 மில்லிமீட்டர் உருண்டைக் கம்பி ஒரு மீட்டர். ஆணிகளுக்குப் பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் ஒரு துண்டு. குண்டுக்கு 2 ராத்தல் (பவுண்டு) சுத்தியலின் தலை, கைப்பிடி போனதாகப் பார்த்து வாங்குங்கள். ஏற்கெனவே துளை இருப்பதால் வளையம் மாட்டுவது சுலபம், எடையும் 900 கிராம் சுமாருக்கு வரும். லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தைக்குக் காலையில் போனால் இந்த மாதிரிப் பொருள்களைத் தேடிப் பிடிக்கலாம். துத்தநாகப் பூச்சு பூசிய, வெள்ளியாக மினுக்கும் கம்பி மலிவாகக் கிடைக்கிறதே என்று மட்டும் எடுத்துவிடாதீர்கள். உலையில் அந்தப் பூச்சு ஆவியாகி, மூச்சில் போனால் அன்று இரவே குளிர்காய்ச்சல் வரும். இதில் சமரசமே கூடாது.

கரிக்கு நமக்குப் பக்கத்திலேயே நல்ல வழி இருக்கிறது. தைப்பிங் பக்கம் குவாலா செப்பேத்தாங்கில் பாக்காவ் என்னும் சதுப்புநில மரத்தை மண்சூளையில் மூட்டம் போட்டு எடுக்கும் கரி கெட்டியானது, நின்று எரியும். வால்நட் அளவுக்கு உடைத்துப் போடுங்கள். பெரிய கட்டியாகப் போட்டால் காற்று இடுக்கில் ஓடிவிடும், தூளாகப் போட்டால் மூச்சடைத்துப்போகும். துருத்திக்குப் பதில் சின்ன பிளோவர் போதும், ஆனால் காற்றைக் கட்டுப்படுத்த ஒரு மூடி வையுங்கள். காற்று அதிகமானால் இரும்பு எரிந்து பொறி பறக்கும், அப்படிப் பொறி பறந்த முனை உதவாது, வெட்டி எறிய வேண்டியதுதான். அப்புறம் இன்னொன்று, உலை நிழலில் இருக்க வேண்டும். நம்ம ஊர் வெயிலில் ஆரஞ்சு நிறத்தில் இருக்கிற இரும்பும் மங்கலான சிவப்பாகத்தான் தெரியும், போதாது போதாது என்று காய்ச்சிக் காய்ச்சிக் கெடுத்துவிடுவீர்கள்.

கம்பியின் ஒரு முனையிலிருந்து 100 மில்லிமீட்டரில் உளியால் ஆழமாக ஓர் அடையாளம் போடுங்கள். அந்த 100 தான் தலை, மீதி 170 தண்டு. தலையை முதலில் அடியுங்கள். நல்ல ஆரஞ்சுச் சூட்டில் பட்டடைக்கல்லில் வைத்துத் தட்டையாக்கி, 10 மில்லிமீட்டர் கனமும் 22 மில்லிமீட்டர் உயரமும் வரும்வரை கொண்டுவர வேண்டும். நீளம் ஒரு விரல் அளவு கூடும், கூடட்டும். அப்புறம் தண்டு. 16 மில்லிமீட்டர் சதுரத்தை 9 மில்லிமீட்டர் சதுரமாக இழுத்தால் 170 என்பது அரை மீட்டருக்கும் மேலே போகும், முனையை இன்னும் கொஞ்சம் மெலிதாக்கலாம். பட்டடைக்கல்லின் முனையில் அல்லது கொம்பில் குறுக்கே வைத்து அடித்தால் சீக்கிரம் நீளும், நடுவில் வைத்து அடித்தால் நாலு பக்கமும் பரவி நேரம்தான் வீணாகும். ஒவ்வொரு அடிக்கும் கால்வட்டம் திருப்புங்கள். சதுரம் சாய்சதுரமாக ஆரம்பிக்கிறது என்று தெரிந்ததும் அந்த இடத்திலேயே நிறுத்தித் திருத்திவிட வேண்டும், பிறகு பார்க்கலாம் என்று விட்டால் முறுக்கிக்கொண்டே போகும். சிவப்பு மங்கினால் உலைக்குத் திரும்புங்கள். எனக்கு இந்தத் தண்டுக்கு மட்டும் பதினெட்டுச் சூடு ஆனது, கை பழகியவர்களுக்குப் பத்தே போதும்.

தண்டும் தலையும் சேரும் இடத்தைக் கவனியுங்கள். தலையை நிற்க வைத்துப் பார்த்தால், தண்டின் மேல்விளிம்பு தலையின் பாதி உயரத்தில் இருக்க வேண்டும், அதாவது தலையின் அடியிலிருந்து 11 மில்லிமீட்டரில். ஏன் என்று இப்போது சொல்கிறேன், இதுதான் முழு வேலையின் உயிர்.

டாச்சிங்கில் மூன்று தொடுபுள்ளிகள் இருக்கின்றன. சரக்கு மாட்டும் கொக்கி அதன் ஆணியைத் தொடும் இடம் ஒன்று, கோல் முழுவதும் தொங்கும் ஆணியின் இடம் இரண்டு, குண்டின் வளையம் தண்டின் மேல் உட்காரும் இடம் மூன்று. இந்த மூன்றும் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் வர வேண்டும், தொங்கும் புள்ளி மட்டும் அந்தக் கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் மேலே இருக்கலாம். அது கோட்டுக்குக் கீழே போனால் கோல் நிற்கவே நிற்காது, ஒன்று இந்தப் பக்கம் குப்புற விழும், இல்லை அந்தப் பக்கம். ரொம்ப மேலே போனால் மந்தமாகிவிடும், ஐம்பது நூறு கிராம் வித்தியாசத்துக்கு அசையவே அசையாது. என் முதல் கோல் இப்படித்தான் வீணானது. துளைகளை அழகாக ஒரே மட்டத்தில் போட்டேன், ஆனால் சரக்குக் கொக்கி ஆணியின் மேல்விளிம்பில் தொங்குகிறது, கோலோ ஆணியின் கீழ்விளிம்பில் நிற்கிறது என்பதை மறந்துவிட்டேன். துளைகள் ஒரே மட்டம் என்றால் விளிம்புகள் ஒரே மட்டம் ஆகாது.

கணக்கு இதுதான். ஆணி 5 மில்லிமீட்டர் சதுரம், அதை மூலை மேலும் கீழுமாக இருக்கும்படி மாட்டுகிறோம், ஏனென்றால் கூர்மையான மூலையில் தாங்கினால்தான் உராய்வு குறையும். மூலைக்கு மூலை 7 மில்லிமீட்டர். அப்படியானால் தொங்கும் துளையின் நடு சரக்குத் துளையின் நடுவைவிட 7 கூட்டல் 1, அதாவது 8 மில்லிமீட்டர் மேலே இருக்க வேண்டும். தலையின் அடியிலிருந்து அளந்தால் சரக்குத் துளை 7.5, தொங்கும் துளை 15.5. படுக்கைவாட்டில் இரண்டுக்கும் இடையே 40 மில்லிமீட்டர். தொங்கும் துளை தண்டுப் பக்கம், சரக்குத் துளை வெளிமுனைப் பக்கம்.

துளையை டிரில் போடுவதைவிடச் சூட்டில் துளையுளியால் போடுவதே மேல், இரும்பு வெட்டுப்படாமல் ஒதுங்கிச் சுற்றிலும் சற்றே பருத்து நிற்கும், விளிம்பு ஓரம் மெலியாது. இடத்தைக் குளிர்ந்திருக்கும்போதே குத்துளியால் ஆழமாகக் குறித்துக்கொள்ளுங்கள், சூட்டில் சுண்ணாம்புக்கோடு மறைந்துவிடும். ஒரு பக்கம் மூன்றடி, திருப்பினால் கருப்பாக ஒரு வட்டம் தெரியும், அங்கே குத்தித் தக்கையைத் தள்ளிவிடுங்கள். அப்புறம் சதுர முனை உளியை மூலை மேலாகத் திருப்பி வைத்துத் துளையைச் சதுரமாக்குங்கள். துளையுளியை ஒவ்வொரு மூன்றடிக்கும் தண்ணீரில் தோய்க்காவிட்டால் அதுவே மழுங்கி உள்ளே மாட்டிக்கொள்ளும்.

ஆணிகள் ஸ்பிரிங் இரும்பில். 5 மில்லிமீட்டர் சதுரமாக இழுத்து, மூலைகளை நுண் அரத்தால் சுத்தமாக ராவி, 30 மில்லிமீட்டர் நீளத்துக்கு வெட்டுங்கள். காந்தம் ஒட்டாத சூடு வந்ததும் சமையல் எண்ணெயில் தோய்க்க வேண்டும். பக்கத்தில் எண்ணெய்ச் சட்டிக்குச் சரியான மூடி இருக்கட்டும், தீப்பிடித்தால் மூடிவிடலாம், தண்ணீர் ஊற்றவே கூடாது. தோய்த்தபடி விட்டால் கண்ணாடி மாதிரி உடையும், அதனால் ஓவன் அடுப்பில் 220 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து ஆறவிட்டு, மறுபடி ஒரு மணி நேரம் வையுங்கள். வைக்கோல் நிறம் ஏறினால் பதம் சரி. துளையில் இறுக்கமாகத் தட்டி இறக்குங்கள், இரண்டு பக்கமும் 10 மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

தூக்கும் கொக்கியும் அதிக விளக்கம் தேவைப்படாத வேலை. கம்பியை யூ வடிவில் வளைத்து, இரண்டு முனைகளையும் தட்டையாக்கி, ஆணி தாராளமாக நுழையும் துளை போட வேண்டும். தலையின் பக்கவாட்டில் உரசாமல் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள், உரசினால் எடை ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி காட்டும். கொக்கியைக் கனமாகவே வைத்துக்கொள்ளுங்கள். தண்டின் பாரத்தை ஈடுகட்ட அந்தக் கனம் உதவும், குறைந்த எடையையும் நிறுக்கலாம். அப்படியும் என் டாச்சிங் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேலிருந்துதான் நிறுக்கும், மேலே 11 கிலோ வரை போகும்.

இப்போது கீறல் போடும் வேலை. காற்றில்லாத இடத்தில் ஒரு விட்டத்தில் தொங்கவிடுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள். தெரிந்த எடை வேண்டும். சமையலறை மின்தராசில் நிறுத்த அரிசிப் பை நல்லது. மின்தராசு 5 கிலோவோடு நின்றுவிட்டால் இரண்டு பையைத் தனித்தனியே நிறுத்துச் சேர்த்து மாட்டலாம். தண்ணீர் பாட்டிலை நம்புபவர்கள் நம்ம ஊர் 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் 996 கிராம்தான் என்பதையும், பாட்டிலின் எடையையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2 கிலோவைக் கொக்கியில் மாட்டி, கோல் மட்டமாக நிற்கும்வரை குண்டை நகர்த்தி, அந்த இடத்தில் முக்கோண அரத்தால் லேசாக ஒரு கோடு. அப்புறம் 10 கிலோ, இன்னொரு கோடு. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட நீளத்தை எட்டாகப் பிரித்தால் ஒவ்வொரு கிலோவும் கிடைத்துவிடும், ஏனென்றால் இந்த வகைக் கோலில் கீறல்கள் சம இடைவெளியில்தான் விழும். என் கோலில் ஒரு கிலோவுக்கு 44 மில்லிமீட்டர் வந்தது. துளைகளின் இடைவெளியான 40ஐக் குண்டின் எடையான 0.907ஆல் வகுத்தால் அதே 44தான். நூறு கிராமுக்கு 4.4 என்பதால் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். பிரித்த பிறகு 5 கிலோவை மாட்டிப் பாருங்கள். 5 கிலோவுக்கான கீறலில் நிற்காவிட்டால் ஆணி தளர்ந்திருக்கிறது அல்லது தூக்கு எங்கேயோ உரசுகிறது, அதைச் சரிசெய்யாமல் கீறலை ஆழமாக்காதீர்கள்.

தண்டின் மறுமுகத்தில் நான் பழைய எடை அளவான காத்தியில் கீறல் போட்டிருக்கிறேன். ஒரு காத்தி 604.79 கிராம், 16 தாகில், நூறு காத்தி ஒரு பிக்குல். பழைய கணக்கில் மூன்று காத்தி சரியாக நாலு ராத்தல். என் கோலில் ஒரு காத்திக்கு 26.7 மில்லிமீட்டர் விழுகிறது. பெரியவர்கள் யாராவது வீட்டுக்கு வந்தால் அந்தப் பக்கத்தைத்தான் திருப்பிப் பார்க்கிறார்கள்.

குண்டுக்கும் கோலுக்கும் ஒரே அடையாளத்தைக் குத்திவையுங்கள், ஒரு எழுத்தோ மூன்று புள்ளியோ போதும். இந்தக் கீறல்கள் இந்தக் குண்டுக்கு மட்டும்தான் உண்மை, வேறு குண்டை மாட்டினால் ஒவ்வொரு எடையும் பொய். குண்டை மாற்றி எடையைத் திருடுவது எவ்வளவு சுலபம் என்பது ஒரு டாச்சிங்கைச் செய்து பார்த்தால்தான் முழுதாகப் புரிகிறது, தாத்தா ஏன் கண் கொட்டாமல் பார்த்தார் என்பதும் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. நீங்கள் செய்யும் கோலை வீட்டில் தாராளமாகப் பயன்படுத்தலாம். விற்பனைக்கு நிறுப்பதாக இருந்தால் 1972ஆம் ஆண்டு எடை அளவைச் சட்டப்படி சரிபார்த்து முத்திரை குத்திய தராசுதான் வேண்டும்.

கடைசியில் துரு. கடல் காற்று நம் தீவை விடாது. கீறல் போடுவதற்கு முன்பே, ஆணி இறக்குவதற்கும் முன்பே, கோலைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, தேன்மெழுகு தொட்டால் உருகிப் புகையும் அளவுக்குச் சூடாக்கி எல்லாப் பக்கமும் பூசுங்கள், கருப்பாகப் பிடித்துக்கொள்ளும். ஆணியின் மூலைகளில் மட்டும் மெழுகு, எண்ணெய் எதுவும் வேண்டாம், தூசி சேர்ந்து மந்தமாகும். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே 5 கிலோ பையை மாட்டிப் பாருங்கள்.