கிளவுட் இல்லாமல் ஃபைல் மாற்றுகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

12 ஜிபி கல்யாண வீடியோ ஒன்று மாடியில் இருக்கும் கணினியில் கிடக்கிறது. அதை ஹாலில் இருக்கும் லேப்டாப்புக்குக் கொண்டுவர, முதலில் கிளவுடில், அதாவது இணையச் சேமிப்பில் ஏற்றி, அப்புறம் அங்கிருந்து இறக்க வேண்டிய அவசியமே இல்லை. கேபிள், வைஃபை, பென்டிரைவ் என்று நேர்வழிகள் நிறைய இருக்கின்றன. டேட்டா செலவாகாது. கூகுள் தரும் இலவச 15 ஜிபி நிரம்பாது. குடும்பப் படங்கள் யாரோ ஒருவருடைய சர்வரில் போய்த் தங்காது.

ஆனால் கிளவுடில் இருக்கும் ஒரு வசதி இதில் கிடையாது. நடுவில் ஏதாவது தப்பிப்போனால், திரும்ப எடுத்துக்கொள்ள வேறெங்கும் ஒரு பிரதி இருக்காது. அதனால்தான் இந்த வேலையில் சின்னக் கவனக்குறைவுக்கும் பெரிய விலை கொடுக்க நேர்கிறது.

கட் செய்யாதீர்கள், காப்பி செய்யுங்கள்

மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மட்டும் நினைவில் வையுங்கள். போனில் இடம் இல்லை, உடனே காலி செய்ய வேண்டும் என்ற அவசரத்தில் பலர் படங்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து 'கட்' கொடுத்து கணினியில் 'பேஸ்ட்' செய்கிறார்கள். ஆண்ட்ராய்டு போனைக் கேபிளில் செருகும்போது அது பென்டிரைவ் போல நேரடியாகக் கணினிக்குத் திறந்துவிடுவதில்லை. எம்டிபி என்ற முறையில் ஒவ்வொரு ஃபைலாகக் கேட்டு வாங்கித்தான் கணினி எடுக்கிறது. கேபிள் லேசாக ஆடினாலே இணைப்பு அறுந்துவிடும். அந்த நேரத்தில் பாதிப் படங்கள் அங்கே, பாதி இங்கே, நடுவில் மாட்டிய ஒரு வீடியோ எங்கேயும் உருப்படியாக இல்லை என்ற நிலை வரலாம்.

காப்பி செய்யுங்கள். முடிந்ததும் சரிபாருங்கள். அதற்குப் பிறகுதான் பழையதை அழிக்க வேண்டும்.

சரிபார்ப்பது என்றால், பச்சைக்கோடு கடைசிவரை போனதைப் பார்ப்பது இல்லை. போனில் இருக்கும் ஃபோல்டரையும் கணினியில் இருக்கும் ஃபோல்டரையும் தனித்தனியே ரைட் கிளிக் செய்து 'பிராப்பர்ட்டீஸ்' பாருங்கள். எத்தனை ஃபைல், மொத்தம் எத்தனை பைட் என்ற இரண்டு எண்களும் ஒத்துப்போக வேண்டும். கணினி ஃபோல்டரில் 'சைஸ்', 'சைஸ் ஆன் டிஸ்க்' என்று இரண்டு இருக்கும். ஒப்பிட வேண்டியது முதலாவதை. இரண்டாவது ஒவ்வொரு டிரைவிலும் வேறுபடும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அடுத்து, இருப்பதிலேயே பெரிய வீடியோவைத் திறந்து கடைசி நிமிடத்துக்கு ஓட்டிப் பாருங்கள். அரைகுறையாக வந்த வீடியோ சில நேரம் திறக்கவே திறக்காது, சில நேரம் நன்றாக ஓடிக்கொண்டிருந்து பாதியில் நின்றுவிடும். ஆரம்பத்தை மட்டும் பார்த்தால் தெரியாது.

அழிக்கும் முன் இன்னொன்றையும் பாருங்கள். போனில் கூகுள் போட்டோஸ் பேக்கப்போ ஐகிளவுட் போட்டோஸோ ஓடிக்கொண்டிருந்தால், அந்தச் செயலிக்குள் போய்ப் படத்தை அழித்தால் அது கிளவுடில் இருக்கும் பிரதியையும் சேர்த்தே அழிக்கும். "அங்கேதான் இருக்கிறதே" என்ற நம்பிக்கையில் அழித்துவிட்டுக் குப்பைத்தொட்டி காலியாகும் வரை கவனிக்காமல் விட்டவர்கள் உண்டு.

வாட்ஸ்அப் நேர்வழி ஆகாது

"கிளவுட் எல்லாம் வேண்டாம், எனக்கு நானே வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்வேன்" என்பவர்கள் அதிகம். வாட்ஸ்அப்பில் போகும் படமும் சர்வர் வழியாகத்தான் போகிறது. மறையாக்கம் செய்யப்பட்டிருப்பதால் நடுவில் யாரும் திறந்து பார்க்க முடியாது, அது நல்ல விஷயம். ஆனால் சாதாரணமாகப் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். 4 எம்பி இருந்த படம் சில நூறு கேபி ஆகும். போனில் பார்க்க வித்தியாசம் தெரியாது. ஆல்பத்துக்கு அச்சிடக் கொடுக்கும்போதுதான் தாத்தாவின் முகம் மங்கலாகத் தெரியும்.

இதைவிட எனக்கு வருத்தம் தருவது வேறு. படத்துக்குள்ளே எடுத்த தேதி, நேரம், இடம் எல்லாம் எழுதப்பட்டிருக்கும். படமாக அனுப்பும்போது இந்தக் குறிப்புகள் நீங்கிவிடுகின்றன. பத்து வருடம் கழித்து அந்தப் படத்தை எடுத்தால், எந்தப் பொங்கலுக்கு எடுத்தது என்று படம் சொல்லாது. வாட்ஸ்அப்பே கதி என்றால் 'டாக்குமென்ட்' ஆக இணைத்து அனுப்புங்கள். தரமும் குறிப்புகளும் அப்படியே போகும். ஒரு ஃபைல் 2 ஜிபி வரை இருக்கலாம். டெலிகிராமும் நேர்வழி இல்லை, சர்வரை நம்பியிருப்பதில் அது இன்னும் ஒருபடி மேலே. அதன் சாதாரண உரையாடல்கள் முழுக்க அவர்களுடைய சர்வரிலேயே சேமிக்கப்படுகின்றன.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு

ஐபோனை விண்டோஸ் கணினியில் செருகிப் படங்களை இழுத்தால், சில நேரம் நாலு படம் வந்ததும் "கருவி வேலை செய்யவில்லை" என்ற அர்த்தத்தில் ஒரு பிழைச்செய்தி வந்து நின்றுவிடும். கேபிளை மாற்றிப் பார்ப்பார்கள், கணினியைக் குறை சொல்வார்கள். பல நேரம் காரணம் ஐபோனின் செட்டிங்ஸில் இருக்கிறது. 2017-இல் வந்த ஐஓஎஸ் 11-லிருந்து ஐபோன் படங்களை ஹெச்இஐசி என்ற புதிய பட வடிவில் சேமிக்கிறது. கணினிக்குப் போகும்போது அவற்றை வழக்கமான ஜேபெக் படமாக மாற்றி அனுப்பப் பார்க்கும். அந்த மாற்றத்தின் நடுவில்தான் தடுமாறும். செட்டிங்ஸில் போட்டோஸ் பகுதிக்குப் போய், கடைசியில் இருக்கும் 'டிரான்ஸ்ஃபர் டு மேக் ஆர் பிசி' என்பதில் 'கீப் ஒரிஜினல்ஸ்' தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும்.

'ஆப்டிமைஸ் ஐபோன் ஸ்டோரேஜ்' ஆன் செய்திருந்தால் அசல் படங்கள் பலவும் போனில் இருக்கவே இருக்காது, ஆப்பிளின் சர்வரில் இருக்கும். கேபிளில் எடுத்தால் கணினிக்குக் குறைவான படங்களே வரும். எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னது இதற்கும்தான்.

வைஃபையில் "கருவி தெரியவில்லை" என்றால்

லோக்கல்சென்ட், ஆண்ட்ராய்டின் குவிக் ஷேர், ஆப்பிளின் ஏர்டிராப் எல்லாம் பக்கத்தில் இருக்கும் கருவிக்கு நேரடியாக ஃபைல் அனுப்பும் அருமையான வசதிகள். இதில் லோக்கல்சென்ட் இலவசம், திறந்த மூலம் (அதன் நிரலை யாரும் பார்க்கலாம்), விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஐபோன் எல்லாவற்றிலும் ஓடும். வீட்டில் பலவகைக் கருவிகள் கலந்து இருந்தால் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஒரு கருவிக்கு இன்னொன்று தெரியவில்லை என்றதும் பலர் வெளியிலிருந்து வரும் தொடர்புகளைத் தடுக்கும் கணினியின் ஃபயர்வாலையே மொத்தமாக அணைத்துவிடுகிறார்கள். அப்புறம் அதைத் திரும்ப ஆன் செய்ய மறந்துவிடுகிறார்கள். இது ஆபத்தான பழக்கம். அணைக்கும் முன் பார்க்க வேண்டியவை உண்டு. இரண்டும் ஒரே வைஃபையில் இருக்கின்றனவா? ஒன்று விருந்தினருக்கான 'கெஸ்ட்' வைஃபையில் இருந்தால் ரவுட்டரே இரண்டையும் பேச விடாது. இணையப் போக்குவரத்தை வேறு சர்வர் வழியாக அனுப்பும் விபிஎன் ஓடுகிறதா? ஓடினால் நிறுத்துங்கள். விண்டோஸில் உங்கள் வீட்டு வைஃபை 'பப்ளிக்' என்று பதிவாகியிருந்தால் 'பிரைவேட்' ஆக்குங்கள். இவ்வளவுக்குப் பிறகும் வரவில்லையென்றால், ஃபயர்வாலில் அந்த ஒரு செயலிக்கு மட்டும் அனுமதி கொடுங்கள்.

ஹாஸ்டல், அலுவலக வைஃபைகளில் ஒரு கருவி இன்னொன்றோடு பேசுவதையே பெரும்பாலும் தடுத்திருப்பார்கள். அங்கே மல்லுக்கட்டாதீர்கள். உங்கள் போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்து, லேப்டாப்பை அதில் இணையுங்கள். ஃபைல் போக இணையம் தேவையில்லை, இரண்டுக்கும் இடையே ஒரு வைஃபை இருந்தால் போதும். டேட்டாவை அணைக்கச் சொல்வது, அந்த நேரம் பார்த்து லேப்டாப் அப்டேட்டை இறக்கி உங்கள் டேட்டாவைத் தீர்த்துவிடக்கூடாது என்பதற்காக. மாற்றம் முடியும்வரை திரையை அணைக்க வேண்டாம், குறிப்பாக ஐபோனில். செயலி பின்னால் போனால் நின்றுவிடும்.

குவிக் ஷேரிலும் ஏர்டிராப்பிலும் 'எல்லோரும்' அனுப்பலாம் என்று எப்போதும் திறந்து வைக்காதீர்கள். ரயிலில், பேருந்து நிலையத்தில் முன்பின் தெரியாதவர்கள் அசிங்கமான படங்களை அனுப்புவது நடக்கிறது. ஏர்டிராப்பில் இந்த அனுமதி இப்போது 10 நிமிடத்தில் தானாகவே அணைந்துவிடும்.

விண்டோஸில் ஃபோல்டரைப் பகிர்பவர்கள், பழைய கருவி ஒன்று இணையவில்லை என்பதற்காக எஸ்எம்பி1 என்ற பழைய பகிர்வு முறையை ஆன் செய்யாதீர்கள். 2017 மே மாதம் உலகெங்கும் மருத்துவமனைகளை முடக்கிய வான்னாகிரை என்ற பணம் பறிக்கும் வைரஸ், அந்தப் பழைய முறையில் இருந்த ஓட்டை வழியாகத்தான் பரவியது.

ஷேர்இட், ஸெண்டர் (Xender) என்ற ஃபைல் அனுப்பும் செயலிகள் இரண்டையும் 2020 ஜூனில் இந்திய அரசு தடை செய்தது. இன்னும் சிலர் எங்கிருந்தோ அவற்றை நிறுவும் ஏபிகே ஃபைலை வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். போனுக்குள்ளேயே குவிக் ஷேர் இருக்கும்போது இது தேவையே இல்லை.

ப்ளூடூத்தில் பெரிய ஃபைல் அனுப்பாதீர்கள். 1 ஜிபிக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தொடர்பு எண், ஒன்றிரண்டு பக்க பிடிஎஃப் என்றால் சரி.

கேபிளும் பென்டிரைவும்

போனைச் செருகியும் கணினி ஒன்றும் காட்டவில்லையா? போனில் மேலிருந்து கீழே இழுத்து, 'சார்ஜிங் மட்டும்' என்பதை 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' ஆக மாற்றுங்கள். அப்படியும் வராவிட்டால் கேபிளைச் சந்தேகப்படுங்கள். விலை குறைந்த சில கேபிள்களில் மின்சாரம் போகும் கம்பி மட்டுமே இருக்கும். டைப்-சி முனை இருப்பதாலேயே வேகம் வந்துவிடாது. சார்ஜரோடு வரும் கேபிள்கள் பெரும்பாலும் பழைய, மெதுவான யூஎஸ்பி 2.0 வேகத்தில்தான் ஓடும்.

பென்டிரைவில் 30 ஜிபி காலியாக இருந்தும் 5 ஜிபி படம் ஏறவில்லை என்றால் அது பெரும்பாலும் ஃபேட்32 என்ற பழைய சேமிப்பு வடிவில் இருக்கும். அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தொட முடியாது. எக்ஸ்ஃபேட் என்ற வடிவுக்கு ஃபார்மேட் செய்யுங்கள். விண்டோஸ், மேக் இரண்டும் படிக்கும், எழுதும். ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பது எல்லாம் போய்விடும் என்பதால் முதலில் அவற்றைப் பத்திரப்படுத்துங்கள். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வடிவு வேண்டாம், மேக் அதைப் படிக்க மட்டுமே செய்யும்.

கோடு முடிந்ததும் பிடுங்காதீர்கள். குறிப்பாக லினக்ஸில், முடிந்துவிட்டது என்று திரை காட்டும்போதும் பென்டிரைவில் எழுதும் வேலை ஓடிக்கொண்டிருக்கலாம். 'எஜெக்ட்' கொடுத்து, எடுக்கலாம் என்று சொன்ன பிறகு எடுங்கள்.

சில நூறு ரூபாய்க்கு 2 டிபி பென்டிரைவ் என்று விற்பவற்றை வாங்கவே வாங்காதீர்கள். உள்ளே சின்ன சிப் இருக்கும், பெரிய கொள்ளளவு இருப்பதாகக் கணினியிடம் பொய் சொல்லும். இடம் தீர்ந்த பிறகு ஃபைல் பெயர்கள் மட்டும் தெரியும், உள்ளே ஒன்றும் இருக்காது. புதிதாக வாங்கியதை எச்2டெஸ்ட்டபிள்யூ அல்லது எஃப்3 என்ற இலவசக் கருவியால் ஒருமுறை முழுக்கச் சோதித்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

ஜெராக்ஸ் கடையில்

குடும்பப் படங்கள் இருக்கும் பென்டிரைவையே பிரிண்ட் எடுக்கவும் கொண்டுபோகாதீர்கள். ஒரு நாளில் எத்தனையோ பேரின் பென்டிரைவ் ஏறி இறங்கும் கணினி அது. ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிவிடும் வைரஸ் இப்படித்தான் வீட்டுக்கு வருகிறது. அப்படி ஆகிவிட்டால் ஷார்ட்கட்டைத் திறக்காதீர்கள், ஃபார்மேட்டும் செய்யாதீர்கள். ஃபைல்கள் பெரும்பாலும் மறைக்கப்பட்டு உள்ளேயேதான் இருக்கும், ஆன்டிவைரஸ் ஓட்டிவிட்டு மீட்கலாம். பிரிண்ட் வேலைக்கென்று தனியாக ஒரு சின்ன பென்டிரைவ் வையுங்கள், அச்சிட வேண்டியதை மட்டும் அதில் போடுங்கள்.

ஆதாரைக் கடைக்காரரின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பினால் அது அவர் போனிலேயே தங்கிவிடும். பென்டிரைவில் கொடுத்து, அவர் டெஸ்க்டாப்பில் காப்பி செய்தால் அதை ரீசைக்கிள் பின்னிலிருந்தும் அழிக்கச் சொல்லுங்கள். கேட்பதற்குச் சங்கடப்பட வேண்டாம். கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரை, ஆதார் வழங்கும் அமைப்பான யுஐடிஏஐயின் தளத்தில் இறக்கிக்கொள்ளலாம். அதை ஏற்கும் இடத்தில் அதையே கொடுங்கள்.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த வேர்டு ஃபைலை அப்படியே எடுத்துப் போனால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் முழுவதும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோங்கள்.

தமிழில் ஃபைல் பெயர் வைப்பதில் தப்பே இல்லை, நானும் அப்படித்தான் வைக்கிறேன். பழைய மேக்கிலிருந்து விண்டோஸுக்கோ லினக்ஸுக்கோ மாற்றினால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த மேக்குகள் பெயரில் வரும் ொ, ோ, ௌ ஆகியவற்றை இரண்டு துண்டாகப் பிரித்துச் சேமிக்கும். 'கோவில்' என்ற பெயர் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும், ஆனால் தேடினால் கிடைக்காமல் போகலாம், அல்லது ஒரே ஃபோல்டரில் இரண்டு 'கோவில்' வந்து நிற்கலாம். ஒன்று மற்றதன் நகல்தான் என்று நினைத்து அழிக்கும் முன் இரண்டையும் திறந்து பார்த்து, வேண்டியதை வைத்துக்கொண்டு அதன் பெயரைப் புதிய கணினியிலேயே மறுபடி தட்டச்சு செய்துவிடுங்கள்.