மூன்று தேயிலை, ஒரே அளவு: வீட்டிலேயே சுவைத்து மதிப்பெண் போடும் முறை

முதல் தடவைக்கு நீலகிரி ஆர்தடாக்ஸ் இலை (பழைய முறையில் உருட்டிய நீள இலை), இலங்கையின் நுவரெலியா பி.ஓ.பி. (உடைந்த இலை ரகம்), அசாம் சி.டி.சி. (நசுக்கிக் கிழித்துச் சுருட்டிய குருணை) மூன்றும் போதும். மசாலாவோ வாசனையோ சேர்த்தது வேண்டாம். 0.1 கிராம் வரை காட்டும் தராசு, ஒரே மாதிரி மூன்று வெள்ளைப் பீங்கான் கப், மூடத் தட்டு, வடிகட்டி எடுத்துக்கொள்ளுங்கள்.

1. 150 மி.லி. தண்ணீருக்கு 3 கிராம் தேயிலை. ஸ்பூன் கணக்கு உதவாது. சி.டி.சி. குருணை ஸ்பூனில் அடைந்து உட்காரும். நீள இலை பொதபொதவென்று நிற்கும், எடை குறையும். நீலகிரி டீ சப்பென்று இருந்தால் முதலில் எடையைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

2. உப்புத் தண்ணீர் ஆகாது. போர்வெல் தண்ணீரிலுள்ள சுண்ணாம்பு டீயின் மேல் ஏடாகப் படியும், நிறமும் மணமும் மங்கிவிடும். நல்ல குடிநீரைத் தளதளவென்று கொதிக்கவைத்து உடனே ஊற்றுங்கள்.

3. மூடி, சரியாக 6 நிமிடம். சுவைத்துப் பார்க்க டீ தயாரிப்பதற்கான சர்வதேசத் தர முறையான ஐ.எஸ்.ஓ. 3103 சொல்லும் நேரம் இது. தினசரி குடிக்க இது கடுப்பாக இருக்கும், ஆனால் குறைகள் ஒளியாமல் வெளியே வருவது இந்தக் கடுப்பில்தான். தேயிலையை அடுப்பில் கொதிக்கவிட்டால் மணம் ஆவியோடு போய்விடும்.

4. வடிகட்டி, ஊறிய இலையை முகர்ந்து பாருங்கள். புதுச் செம்பு நிறம் நல்ல அறிகுறி. கருத்துக் கிடந்தால் புளிப்பேற்றம் (தயாரிப்பில் இலையைக் காற்றுப்பட விட்டு நிறம் மாறவைப்பது) மிஞ்சியிருக்கும், டீயில் உயிர் இருக்காது. நுவரெலியா இலையில் கொஞ்சம் பச்சை தெரிவது குறையல்ல.

5. கை பொறுக்கும் சூடு வந்ததும் ஒரு ஸ்பூன் எடுத்து, சத்தம் வர 'சர்'ரென்று உறிஞ்சுங்கள். காற்றும் சேர்ந்து போனால்தான் மணம் மூக்கின் பின்புறம் ஏறும். பால், சர்க்கரை கூடாது.

புதியவர்கள் அதிகம் குழம்புவது துவர்ப்பிலும் கசப்பிலும். நாவற்பழம் தின்றதும் நாக்கு இழுத்துப் பிடிக்கிறதே, அது துவர்ப்பு. நல்ல டீக்கு அது வேண்டும். பாகற்காய் போல அடிநாக்கில் தங்குவது கசப்பு. அறுசுவையில் துவர்ப்புக்குத் தனி இடம் கொடுத்த நமக்கு இதைப் பிரித்தறிவது கடினமில்லை.

மணம், துவர்ப்பு, வாயில் உணரும் கனம், விழுங்கிய பின் நிற்கும் சுவை: ஒவ்வொன்றுக்கும் 5, மொத்தம் 20. நிறத்துக்கு மதிப்பெண் போடாதீர்கள். பொடி நைசானால் எந்தத் தேயிலையும் கருஞ்சாயம் இறக்கும். பெயரை எழுதிக் கப்புக்கு அடியில் ஒட்டி, வேறொருவரை இடம் மாற்றி வைக்கச் சொன்னால் மதிப்பெண் நேர்மையாக இருக்கும். அசாம் சி.டி.சி. பாலுக்கென்றே பிறந்தது. வெறும் சாயத்தில் அது தோற்றால், கப்புக்கு 15 மி.லி. பால் விட்டு மூன்றையும் மறுபடி சுவைத்துத் தனியாகக் குறியுங்கள்.

ஆறிய டீ கலங்கினால் கெட்டுவிட்டதென்று கொட்ட வேண்டாம். காஃபீனும் துவர்ப்புப் பொருள்களும் சேர்ந்து திரள்வதுதான் அது. செறிவான டீயில்தான் இது நன்றாகத் தெரியும். கொஞ்சம் சூடாக்கினால் மறுபடி தெளிந்துவிடும்.