ஸ்மார்ட் டிரெய்னரில் முதல் சவாரி: வீட்டுக்குள் சைக்கிள் பயிற்சியைத் தொடங்குவது எப்படி?

ஸ்மார்ட் டிரெய்னர் என்பது சைக்கிளை ஓரிடத்தில் நிறுத்தி ஓட்டவைத்து, ஆப்போடு இணையும் கருவி. அதில் திரையில் தெரியும் மெய்நிகர் பாதையில் ஓட்டலாம் என்று முடிவு செய்ததும் பலர் முதலில் ஆப்பைத்தான் தரவிறக்குவார்கள். அது கடைசி வேலை. சைக்கிள் ஆடாமல் நிற்பதும் உங்கள் மேல் நல்ல காற்று வீசுவதும்தான் முதலில் முக்கியம்.

1. டிரெய்னரைத் தேர்ந்தெடுங்கள்

பின்சக்கரம் உருளையின் மேல் அழுந்திச் சுழலும் வகை விலை குறைவு. பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, சங்கிலியை நேராக டிரெய்னரின் கேசட்டில் (பின்பக்கப் பல்சக்கர அடுக்கில்) மாட்டும் டைரக்ட் டிரைவ் வகையில் சத்தம் குறைவு, அளவீடும் துல்லியம். எதை வாங்கினாலும், ஆப்பிலிருந்து தடையை (பெடலின் இறுக்கத்தை) கூட்டிக் குறைக்க முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வாட் கணக்கை (நீங்கள் மிதிக்கும் திறனின் அளவை) அனுப்புவதோடு நின்றுவிடும் மாடல்களும் உண்டு. அவற்றில் திரையில் மலை ஏறினாலும் காலுக்கு ஒன்றும் தெரியாது.

2. சைக்கிளை மாட்டுங்கள்

டைரக்ட் டிரைவ் என்றால் கேசட்டின் பல்சக்கர எண்ணிக்கை உங்கள் சைக்கிளோடு பொருந்த வேண்டும். ஆக்சில் (சக்கர அச்சு) வகையையும் பாருங்கள். மாட்டியபின் சீட்டைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். லூஸாக இருந்தால் ஏறாதீர்கள்.

3. மின்விசிறி வையுங்கள்

இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். பெடலில் 150 வாட் கொடுக்கும்போது உடல் அதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு வெப்பத்தை உண்டாக்குகிறது. சாலையில் எதிர்க்காற்று அதை அள்ளிக்கொண்டு போய்விடும். அறைக்குள் அந்தக் காற்று இல்லாததால் வியர்வை காயாது, இதயத்துடிப்பு ஏறிக்கொண்டே போகும். கால் தளர்ந்துவிட்டது என்று நினைப்போம். உண்மையில் உடல் சூடாகியிருக்கும். பெரிய மின்விசிறி ஒன்று நெஞ்சையும் முகத்தையும் நோக்கி இருக்கட்டும். துண்டும் தண்ணீரும் கைக்கு எட்டும் தூரத்தில்.

4. ஆப்போடு இணையுங்கள்

ஸ்விஃப்ட், ரூவி போன்ற ஆப்கள் டிரெய்னரைப் புளூடூத் வழியாகத் தேடும். தேடியும் கிடைக்கவில்லையா? பெரும்பாலும் உங்கள் போனில் டிரெய்னர் நிறுவனத்தின் சொந்த ஆப் திறந்திருக்கும். பல டிரெய்னர்கள் ஒரு நேரத்தில் ஒரு புளூடூத் இணைப்பைத்தான் ஏற்கும். அதை மூடிவிட்டு மறுபடி தேடுங்கள். இணைக்கும் பக்கத்தில் பவர் மட்டுமல்ல, தடையைக் கட்டுப்படுத்தும் பகுதியிலும் டிரெய்னர் பெயர் வந்திருக்க வேண்டும்.

உருளை வகை வைத்திருப்பவர்கள் டயரில் எப்போதும் ஒரே அளவு காற்று வைத்து, பத்து நிமிடம் ஓட்டிச் சூடேறியபின் ஆப்பில் வாட் அளவீட்டைச் சரிசெய்ய (காலிபரேஷன்) வேண்டும். இல்லாவிட்டால் நேற்றைய வாட்டும் இன்றைய வாட்டும் ஒப்பிடவே முடியாது.

5. ஓட்டுங்கள்

எடையை உண்மையாகப் பதிவு செய்யுங்கள். ஏற்றத்தில் வேகம் அதை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. ஸ்விஃப்ட்டில் வட்டோபியா என்ற கற்பனைத் தீவின் டெம்பஸ் ஃபியூகிட் பாதை கிட்டத்தட்டச் சமதளம், தொடங்க ஏற்றது. 21 வளைவுகள் கொண்ட ஆல்ப் டு ஸ்விஃப்ட் மலை அங்கேயேதான் இருக்கும், பிறகு போகலாம்.

அப்புறம், டிரெய்னர் டிஃபிகல்ட்டி என்ற அமைப்பு. பாதி அளவில் வைத்தால் 8 சதவீத ஏற்றம் காலுக்கு 4 சதவீதம் போலத் தெரியும். இதை ஏமாற்றுவேலை என்று நினைக்க வேண்டாம்: அதே வேகத்தில் ஏற அதே வாட் கொடுத்தே ஆக வேண்டும், கியர் மாற்றும் வேலைதான் குறைகிறது. தொடக்கத்தில் பாதியே போதும்.

குறித்த வாட்டை டிரெய்னரே நிலையாக வைத்திருக்கும் எர்க் முறையில் நீங்கள் பெடலை மெதுவாக்கினால் டிரெய்னர் இன்னும் இறுகும், ஏனென்றால் குறித்த வாட்டை அது விடாது. இறுக்கம் கூடப்போகிறது என்று திரை சொல்லும்போதே கொஞ்சம் வேகமாகச் சுழற்றத் தொடங்குங்கள். சிக்கிக்கொண்டால் சில நொடி நிறுத்திவிட்டு மீண்டும் மிதியுங்கள்.

முதல் சில வாரங்களுக்கு 30 நிமிடம், பேசிக்கொண்டே ஓட்டக்கூடிய வேகம், சரியாக இருக்கும். சாலையில் நம்மை அறியாமலே உடலை அசைப்போம். இங்கே அது நடக்காது. அதனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நின்று மிதியுங்கள். இறங்கியதும் ஹேண்டில்பார் தண்டு, ஹெட்செட் (ஹேண்டில்பார் திரும்பும் இடத்திலுள்ள பேரிங்), போல்ட்டுகள் எல்லாவற்றையும் துடைத்துவிடுங்கள். வியர்வையின் உப்பு அங்கேதான் துருப்பிடிக்கச் செய்யும்.