பறவைகளுக்குச் சிமெண்டில் நீரூற்றுத் தொட்டி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தோட்டத்தில் பறவைகள் குளிக்கச் சிமெண்டில் ஒரு தொட்டி வார்த்து, நடுவில் சின்ன நீரூற்றும் வைப்பது, கொத்து வேலை தெரியாதவர்களாலும் முடிகிற காரியம்தான். ஆனால் அப்படிக் கட்டிய பல தொட்டிகளில் பறவை இறங்குவதே இல்லை. தண்ணீர் அழகாகப் பொங்கும். குருவி விளிம்பில் உட்கார்ந்து எட்டிப் பார்த்துவிட்டுப் பறந்துவிடும். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: தொட்டியை நம் கண்ணுக்காகக் கட்டியிருப்போம், பறவையின் காலை நினைத்திருக்க மாட்டோம்.

சிறு பறவை குளிப்பதைக் கொஞ்ச நேரம் நின்று கவனியுங்கள். அது நீந்துவதில்லை. காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, நெஞ்சைத் தண்ணீரில் அமிழ்த்தி, இறக்கையைப் படபடவென்று அடித்து முதுகின் மேல் நீரை வாரி இறைத்துக்கொள்ளும். கால் ஊன்ற இடம் தெரியாத தண்ணீரில் அது இறங்காது. ஆகவே விளிம்பருகே ஓரிரு சென்டிமீட்டர், நடுவில் 5 சென்டிமீட்டர், இவ்வளவு ஆழம் போதும். வாளியையோ அண்டாவையோ அச்சாக வைத்து வார்க்கிறவர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். பக்கச்சுவர் செங்குத்தாக நிற்கும்; பறவைக்கு அது கிணறு.

இதற்கு நல்ல அச்சு ஈரமணல் மேடு. மணலைக் குவித்து, கவிழ்த்த தட்டுபோல் தட்டையாகத் தட்டி, மேலே பிளாஸ்டிக் தாள் விரித்து, அதன்மேல் கலவையை அப்ப வேண்டும். மேட்டின் உயரம்தான் நாளைக்குத் தொட்டியின் ஆழம் என்பதைப் பலர் மறந்து, மணலை உயரமாகக் குவித்துவிடுகிறார்கள். அப்புவதற்கு முன் அளவுகோலை வைத்துப் பாருங்கள். பிளாஸ்டிக் தாளில் படிந்த பக்கம் வழவழப்பாக வரும். பாசியும் சேர்ந்தால் கால் வழுக்கும். அச்சிலிருந்து எடுத்ததும் கம்பி பிரஷால் உள்பக்கத்தைக் கீறிச் சொரசொரப்பாக்கிவிடுங்கள். ஏற்கெனவே ஆழமாக வார்த்துவிட்டவர்கள் உடைக்க வேண்டாம். தட்டைக் கற்களைப் படிப்படியாக அடுக்கினால் போதும்.

கலவையில் நடக்கிற பெரிய தவறு தண்ணீர். இளக்கமாக இருந்தால் அப்புவது சுலபம் என்று ஊற்றிக்கொண்டே போவார்கள். மிகுதியான நீர் பிறகு ஆவியாகி, அது இருந்த இடமெல்லாம் நுண்துளையாக நிற்கும். தொட்டி கசிவது அதனால்தான். ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல் கலந்து, ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் வழியக் கூடாது. 4 அல்லது 5 சென்டிமீட்டர் கனத்துக்கு வார்க்கிற தொட்டியில் பெரிய ஜல்லி வேண்டவே வேண்டாம். கனத்தில் பாதியை அப்பியபின் கோழிவலையை வைத்து, மீதியை அதன்மேல் அப்புங்கள். வலை வெளியே எட்டிப் பார்த்தால் துருப்பிடித்து, அந்த இடமே வெடித்து உதிரும். கையுறை, முகக்கவசம் இரண்டும் கட்டாயம். ஈரச் சிமெண்ட் தோலைப் புண்ணாக்கும்.

அடுத்தது அவசரம். சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. வெயிலில் வைத்துச் சீக்கிரம் உலர்த்தினால் வலு ஏறாது, மயிரிழை விரிசல்தான் விழும். ஈரச்சாக்கும் பிளாஸ்டிக் தாளும் போட்டு மூடி, குறைந்தது 7 நாள் கியூரிங் செய்யுங்கள், அதாவது ஈரம் காயாமல் வைத்திருங்கள். அச்சிலிருந்து இரண்டு நாளுக்கு முன் எடுக்க வேண்டாம். கட்டுமானத்தில் வலுவைக் கணக்கிடுவதே 28-ஆம் நாளில்தான். 50 சென்டிமீட்டர் அகலமுள்ள தொட்டி ஏறக்குறைய இருபது கிலோ இருக்கும். இறுகாத நிலையில் ஒற்றை ஆளாகத் தூக்கினால் உடையும்.

இறுகிய பிறகும் உடனே பறவைக்கு விட்டுவிடாதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், பாதிப்பு கண்ணுக்குத் தெரியாது. புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கசியும்; அதில் தேங்கும் நீரின் பிஎச் (காரத்தன்மையைக் காட்டும் அளவு; தூய நீருக்கு 7) 12 வரைக்கும் ஏறும். பறவை அதில் குளிப்பது மட்டுமல்ல, அதையே குடிக்கவும் செய்கிறது. தொட்டியை நிரப்பி, இரண்டு மூன்று நாளில் கொட்டி, மறுபடி நிரப்பி, சில வாரம் இப்படியே செய்யுங்கள். பிஎச் தாள் 8-ஐ ஒட்டிக் காட்டும்வரை விடக் கூடாது. வினிகர் தேய்ப்பது மேற்பரப்பைச் சற்றுத் தணிக்கும், அவ்வளவே. கசிவுத் தடுப்புப் பூச்சு அடிப்பதானால், தொட்டி நன்றாக இறுகி உலர்ந்தபின், குடிநீர்த் தொட்டிக்கு ஏற்றது என்று குறிப்பிட்டதையே வாங்குங்கள். தாரும் சாதாரண எனாமல் பெயிண்டும் கூடாது.

நீரூற்றுக்கு வருவோம். 5 சென்டிமீட்டர் தண்ணீரில் பம்பு முழுதாக மூழ்காது. காற்றை இழுத்து, சூடேறி எரிந்துவிடும். பம்பு கீழே, மண்ணில் புதைத்த வாளியில் இருக்கட்டும். அங்கிருந்து குழாய் மேலேற, கலவை அப்பும்போதே மணல் மேட்டின் நடுவில் ஒரு பிவிசி துண்டை நட்டுவிடுங்கள். இறுகியபின் துளை போடப்போய்த் தொட்டியைப் பிளந்தவர்கள் உண்டு. விளிம்பில் ஓரிடம் மட்டும் சற்றுத் தாழ்வாக இருந்தால் நீர் அந்த வழியாகவே வாளிக்குத் திரும்பும். குழாயின் முனை நீர்மட்டத்துக்கு மேலே நிற்க வேண்டும். மூழ்கியிருந்தால், மின்சாரம் நின்றதும் தொட்டி நீர் முழுவதும் குழாய் வழியே கீழே இறங்கிவிடும்.

பம்பின் பெட்டியில் போட்டிருக்கும் ‘மணிக்கு இத்தனை லிட்டர்’ கணக்கு, நீரை மேலேற்றாத நிலைக்கு உரியது. அதிகபட்ச உயரம் என்று எழுதியிருக்கும் இடத்தில் நீர் வரத்தே இருக்காது. 80 சென்டிமீட்டர் ஏற்ற வேண்டுமானால் ஒன்றரை மீட்டர் ஏற்றக்கூடியதை வாங்கி, வால்வால் குறைத்துக்கொள்வது நல்லது. உயரமாகப் பீய்ச்சும் நீர் காற்றில் சிதறி வாளியைக் காலியாக்கும், பறவையையும் விரட்டும். மெல்லக் கொப்பளிக்கிற நீர்தான் அவற்றை இழுக்கிறது. 12 வோல்ட் பம்பே பாதுகாப்பு. வீட்டு மின்சாரத்தில் நேரடியாக ஓடும் பம்பு என்றால், 30 மில்லிஆம்பியர் மின்கசிவுத் துண்டிப்பான் இல்லாமல் தொடவே வேண்டாம்.

இடத்தைப் பற்றிச் சுருக்கமாக: பூனை பதுங்கும் புதரிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி வையுங்கள். இறகு கோத அருகில் ஒரு கிளை இருந்தால் நல்லது, தொட்டிக்கு நேர் மேலே வேண்டாம். மண்ணைக் கெட்டித்து, விளிம்பில் ரசமட்டம் வைத்துப் பாருங்கள்.

நீர் ஓடுகிறது, கொசு வராது என்று நம்பிவிடுவதும் தவறு. இரவில் பம்பை நிறுத்தினால் தேக்கம்தான். வாளியின் வாயை நெருக்கமான வலையால் மூடுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு, நீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். நீரை மாற்றினால் மட்டும் போதாது, வாரம் ஒருமுறை சுவரைப் பிரஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். சோப்பு வேண்டாம்; மண்ணெண்ணெயை ஒரு சொட்டுகூட விடாதீர்கள், இறகில் எண்ணெய் படிந்தால் பறவையால் ஈரத்தையும் குளிரையும் தாங்க முடியாது.