அமெரிக்க அதிபர் பதவி வந்த கதை: நோட்டின் நடுவே ஒரு கோடு போட்டுப் படியுங்கள்

பேத்திக்குப் பள்ளியில் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். அமெரிக்க அதிபர் பதவி எப்படி உருவானது என்று நான்கு பக்கம் எழுத வேண்டும். நான் மதுரையில் முப்பது வருடம் வரலாறு எடுத்தவன். ஜெர்சி சிட்டியில் மகன் வீட்டுக்கு வந்திருந்த நேரம். "நான் சொல்லச் சொல்ல எழுதிக்கோ" என்று பெருமையாக உட்கார்ந்தேன். ஐந்தே நிமிடத்தில் மாட்டிக்கொண்டேன். "கேபினட்னு அரசியல் சட்டத்துல எங்க தாத்தா இருக்கு?" என்று கேட்டாள். தேடினேன், இல்லை. துறைத் தலைவர்களிடம் அதிபர் எழுத்தில் கருத்துக் கேட்கலாம் என்று மட்டும்தான் இருக்கிறது. முப்பது வருடமும் தப்பாகவே சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

சரி, அதற்குப் பிறகு நாங்கள் பிடித்த வழியைச் சொல்கிறேன்.

அரசியல் சட்டத்தின் இரண்டாம் பிரிவை அச்செடுத்துக் கொள்ளுங்கள். நான்கே உட்பிரிவுகள், ஒரு காபி ஆறுவதற்குள் படித்துவிடலாம். நோட்டில் ஒரு பக்கத்தின் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் 'எழுதியிருக்கிறது' என்றும் வலப்பக்கம் 'நடந்து வந்தது' என்றும் தலைப்பு வையுங்கள். நான்கு வருடப் பதவிக்காலம், குறைந்தது 35 வயது, படைகளின் தலைமை, மன்னிப்பு வழங்கும் அதிகாரம், செனட் என்ற மேலவையில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு ஒப்பந்தம், இவையெல்லாம் இடப்பக்கம் போகும். வீட்டோ, அதாவது காங்கிரஸ் நிறைவேற்றிய மசோதாவை அதிபர் மறுக்கும் அதிகாரம், இங்கே கிடைக்காது. அது முதல் பிரிவில் ஒளிந்திருக்கிறது, அங்கே போய் எடுத்து வர வேண்டும்.

இடப்பக்கம் ஏன் இவ்வளவு சுருக்கம் என்று கேட்டால், அரசியல் சட்டத்தை எழுத மாநிலங்களின் பிரதிநிதிகள் கூடிய சபைக்கு, 1787-ல் ஃபிலடெல்ஃபியா போக வேண்டும். ஜூன் 1 அன்று ஜேம்ஸ் வில்சன் என்ற பிரதிநிதி, நிர்வாகத்தை ஒரே ஆளிடம் கொடுக்கலாம் என்றார். சபையில் கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. மன்னரிடமிருந்து பிரிந்து வந்தவர்கள் அவர்கள். இன்னொரு பிரதிநிதி எட்மண்ட் ராண்டால்ஃப், இது முடியாட்சியின் கரு என்றே சொன்னார். மூன்று நாள் கழித்து 7 மாநிலத்துக்கு 3 மாநிலம் என்ற கணக்கில் ஒரே ஆள் என்று முடிவானது. யார் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் கோடை முழுவதும் இழுபறி. மாநிலங்கள் அனுப்பும் ஆட்கள் அதிபருக்கு வாக்களிக்கும் தேர்வாளர் குழு என்ற யோசனை செப்டம்பர் தொடக்கத்தில்தான் உருவம் பெற்றது. 17-ஆம் தேதி கையெழுத்து. தலைமை நாற்காலியில் வாஷிங்டன் உட்கார்ந்திருந்தார். முதல் அதிபர் அவர்தான் என்பது ஊருக்கே தெரியும். அவர் முகத்தைப் பார்த்துத்தான் உறுப்பினர்கள் இவ்வளவு அதிகாரம் கொடுத்தார்கள் என்று சபையில் இருந்த பியர்ஸ் பட்லர் பின்னால் ஒரு கடிதத்தில் எழுதினார். இந்த ஒரு வரியைப் பேத்தியை அடிக்கோடு போடச் சொன்னேன்.

அப்புறம் பெயர். நாம் 'அதிபர்' என்று சொல்வதால் கிரீடம் வைத்த மாதிரி தோன்றுகிறது. அன்று 'பிரசிடென்ட்' என்றால் கூட்டத்துக்குத் தலைமை தாங்குகிறவர், அவ்வளவுதான். நம் ஊரில் பஞ்சாயத்து பிரசிடென்ட் என்கிறோமே, அந்த எடைதான். தீயணைப்புக் குழுவுக்கும் கிரிக்கெட் கிளப்புக்கும் கூட பிரசிடென்ட் உண்டு என்று துணை அதிபர் ஜான் ஆடம்ஸ் செனட்டில் புலம்பினார். 'மேன்மை தங்கிய' வகைப் பட்டம் ஒன்றை செனட் குழு பரிந்துரைத்தது. பிரதிநிதிகள் சபை மசியவில்லை. 1789 மே மாதம் வெறும் பிரசிடென்ட் என்றே நின்றது. இது வலப்பக்கம்.

வலப்பக்கத்தில் எதை எழுதினாலும் தேதியையும் இடத்தையும் சேர்த்து எழுதுங்கள். தேதி இல்லாத முன்னுதாரணம் வெறும் கதையாகிவிடும். எனக்குப் பிடித்தது 1789 ஆகஸ்ட் 22, சனிக்கிழமை, நியூயார்க். செனட்டின் 'ஆலோசனையும் சம்மதமும்' வேண்டும் என்று சட்டம் சொல்கிறது அல்லவா, வாஷிங்டன் அதை அப்படியே எடுத்துக்கொண்டு, பூர்வகுடிகளோடு செய்ய வேண்டிய ஒப்பந்தம் பற்றிக் கேட்க, போர்த்துறைச் செயலர் நாக்ஸையும் அழைத்துக்கொண்டு நேரில் போனார். ஆடம்ஸ் தாளை வாசிக்கிறார். தெருவில் வண்டிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. ஜன்னலைச் சாத்தி மறுபடி வாசித்தார்கள். குழுவுக்கு அனுப்பலாம் என்று செனட்டர் ராபர்ட் மாரிஸ் சொன்னதும் வாஷிங்டனுக்குக் கோபம் வந்துவிட்டது. நான் வந்த காரியமே கெட்டது என்றார். செனட்டர் மெக்லே தன் நாட்குறிப்பில் இதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார். திங்களன்று வாஷிங்டன் மறுபடி வந்து வேலையை முடித்தார். அதன்பின் அப்படி ஆலோசனை கேட்க அவர் செனட் பக்கம் போகவே இல்லை. இன்றுவரை ஒப்பந்தத்தை முடித்துவிட்டுத்தான் செனட்டுக்கு அனுப்புகிறார்கள். கேபினட் வளர்ந்ததற்கும் இதில் ஒரு பங்கு உண்டு என்பது என் எண்ணம். யோசனை கேட்க அவருக்கு ஆள் வேண்டாமா?

அடுத்து, சிவப்புப் பேனாவால் அம்புக்குறி போடுங்கள். சில விஷயங்கள் வலமிருந்து இடம் போயிருக்கும், அதாவது வழக்கமாக இருந்தது பின்னால் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கும். இரண்டு முறைக்கு மேல் வேண்டாம் என்று 1796-ல் வாஷிங்டன் ஒதுங்கினார். ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் நான்கு முறை வென்ற பிறகு, 1951-ல் அது அரசியல் சட்டத்தின் 22-ஆவது திருத்தமானது. 1841-ல் அதிபர் ஹாரிசன் பதவியேற்ற ஒரே மாதத்தில் இறந்தபோது, தற்காலிகப் பொறுப்பு இல்லை, நானே அதிபர் என்று துணை அதிபர் ஜான் டைலர் அடம்பிடித்தார். 1967-ல் அது 25-ஆவது திருத்தத்தில் ஏறியது. காங்கிரஸுக்கு அதிபர் தரும் ஆண்டு உரை போனதும் வந்ததுமாக இருக்கிறது. வாஷிங்டன் நேரில் படித்தார், 1801-ல் ஜெஃபர்சன் எழுதி அனுப்பினார், 1913-ல் அதிபர் உட்ரோ வில்சன் மறுபடி நேரில் போனார்.

ஒரு எச்சரிக்கை. பதவிப் பிரமாணம் 35 வார்த்தை. கடைசியில் கடவுள் பெயரைச் சொல்வது அதில் இல்லை. 1789 ஏப்ரல் 30 அன்று வாஷிங்டன் அதைச் சேர்த்துச் சொன்னார் என்ற கதை பல பத்தாண்டு கழித்துத்தான் அச்சில் வந்தது. பேத்தி அதைப் பென்சிலால் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள்.

நியூயார்க் பக்கம் இருந்தால் வால் ஸ்ட்ரீட்டில் வாஷிங்டன் பதவியேற்ற இடமான ஃபெடரல் ஹாலைப் பாருங்கள். இப்போது நிற்பது அந்தப் பழைய கட்டடம் இல்லை, அதை 1812-ல் இடித்துவிட்டார்கள். வாஷிங்டன் நின்ற பால்கனிக் கல்லை மட்டும் உள்ளே வைத்திருக்கிறார்கள். கிளம்பும் முன் திறந்திருக்கும் நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் சனிக்கிழமை போய், சிலைக்குக் கீழே படியில் உட்கார்ந்து, கொண்டுபோன புளியோதரையைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம்.