வலியின் கடுமையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்: பிரசவ நேரத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வலி எவ்வளவு கடுமை என்பதை வைத்துப் பிரசவம் நெருங்கிவிட்டதா என்று கணிப்பதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் பலவும் இதிலிருந்தே கிளைக்கின்றன. கடைசி வாரங்களில் வரும் சூட்டு வலியே (பொய் வலி) சிலரைச் சுருண்டு படுக்க வைத்துவிடும். ஆனால் அது ஒழுங்கில்லாமல் வரும், எழுந்து நடந்தாலோ ஒருக்களித்துப் படுத்தாலோ தணியும், கருப்பை வாய் திறக்காது. உண்மையான வலியில் இடைவெளி குறைந்துகொண்டே வரும், ஒவ்வொரு வலியும் முன்னதைவிட நீளும்.

சீரகக் கஷாயம் வைத்துக் கொடுத்துப் பார்ப்பதில் பெரிய கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் பனிக்குடம் உடைந்தாலோ, இரத்தம் பட்டாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ, 37 வாரம் முடியும் முன்பே வலி வந்தாலோ கஷாயத்துக்கு நேரமில்லை, உடனே கிளம்ப வேண்டும். பனிக்குட நீர் பச்சையாகப் போனால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது என்று பொருள். நீர் போன நேரத்தையும் அதன் நிறத்தையும் மறக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இடைவெளியைக் கணக்கிடுவதிலும் பலர் தவறுகிறார்கள். ஒரு வலி முடிந்ததிலிருந்து அல்ல, தொடங்கியதிலிருந்து அடுத்தது தொடங்கும்வரை எண்ண வேண்டும். 10:00க்குத் தொடங்கி 10:01க்கு நின்ற வலி 10:05க்குத் திரும்ப வந்தால் இடைவெளி 5 நிமிடம், 4 அல்ல. தலைப்பிரசவத்தில் 5 நிமிடத்துக்கு ஒரு வலி, ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு நிமிடம் என ஒரு மணி நேரம் தொடர்ந்தால் புறப்படலாம். இரண்டாவது பிரசவம் வேகமாக நடக்கும், ஊரும் தூரம் என்றால் அவ்வளவு நேரம் காத்திருக்கக் கூடாது.

சுற்றி நிற்பவர்கள் "முக்கு, முக்கு" என்று அவசரப்படுத்துவது அடுத்த தவறு. கருப்பை வாய் முழுதாக, அதாவது 10 செ.மீ., திறக்குமுன் முக்கினால் தாய் சோர்ந்துபோவார், கருப்பை வாயும் வீங்கக்கூடும். வயிற்றை மேலிருந்து அழுத்தித் தள்ளுவதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. வீட்டில் வைத்து, வலியைத் தூண்டும் 'வலி ஊசி' போடுவது இன்னும் ஆபத்து. மருத்துவமனையில் வலியைத் தூண்டும் மருந்தான ஆக்சிடோசினைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள், வலி மிஞ்சினால் நிறுத்திவிடலாம். தசையில் போட்ட ஊசி மருந்தைத் திரும்ப எடுக்க முடியாது, கருப்பையே கிழிந்துவிடக்கூடும்.

மருத்துவமும் இந்த வலி விஷயத்தில் தடுமாறித்தான் வந்திருக்கிறது. 1847இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் மகப்பேறு மருத்துவர் சிம்ப்சன் மயக்க மருந்துகளான ஈதரையும் பிறகு குளோரோஃபார்மையும் பிரசவத்தில் பயன்படுத்தினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில் வலி தணிக்கும் மார்ஃபினும் நினைவை மங்கச் செய்யும் ஸ்கோபொலமினும் சேர்த்துக் கொடுத்தார்கள். பெண்கள் வலியில் கதறினார்கள், விழித்தபின் எதுவும் நினைவில்லை. அதையே வலியில்லாப் பிரசவம் என்று கொண்டாடினார்கள்! கருப்பை வாய் மணிக்கு 1 செ.மீ. திறந்தாக வேண்டும் என்ற கணக்கும் பல காலம் ஆண்டது. அந்த வேகம் இல்லை என்பதற்காக மட்டும் தலையிடத் தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் சொன்னது.

முதுகில் போடும் வலி மரப்பு ஊசியான எபிடூரல் போட்டால் காலமெல்லாம் முதுகு வலிக்கும் என்று பயந்து மறுப்பதும் தேவையற்றது. நீண்டகால முதுகுவலி அதனால் கூடுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. முக்கும் கட்டம் சற்று நீளலாம், காய்ச்சல் வரலாம், இரத்த அழுத்தம் இறங்கலாம். அதனால்தான் போட்டபின் அடிக்கடி அழுத்தம் பார்க்கிறார்கள்.

விட்டு விட்டு வருவதுதான் பிரசவ வலியின் இயல்பு. கருப்பை தளரும் இடைவேளையில்தான் குழந்தைக்கு இரத்தம் தாராளமாகப் போகிறது. வலி விடாமல் நீடித்து, வயிறு தளராமல் கல்லாக இருந்தால், இரத்தப்போக்கு தெரியாவிட்டாலும் நச்சுக்கொடி கருப்பையிலிருந்து முன்கூட்டியே பிரிந்திருக்கலாம். அப்போது நேரம் குறித்துக்கொண்டு உட்காராமல் 108ஐ அழையுங்கள்.